தாத்தா போட்டோவை ஏ.ஐ-கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி... அந்த நெகட்டிவ் எங்கே இருக்குன்னு தேடுங்க!

2025 செப்டம்பர்ல இன்ஸ்டாவைத் திறந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூகுள் ஜெமினியோட 'நேனோ பனானா' வந்த புதுசு. ஒரு செல்ஃபியைக் கொடுத்தா போதும்... ஷிஃபான் சேலை, காற்றில் பறக்கும் முடி, பின்னால் மஞ்சள் வெளிச்சம்னு பழைய சினிமா ஸ்டில் மாதிரி ஒரு படம் வந்து நிற்கும். அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆனால், அது விட்டுப்போன ஒரு பழக்கம் நம்மகிட்ட தங்கிடுச்சு. வீட்டுச் சுவரில் மங்கிப்போய்த் தொங்குற தாத்தா - பாட்டி போட்டோவை மொபைலில் க்ளிக் பண்ணி, 'இதைத் தெளிவாக்கு, கலர் கொடு'ன்னு ஏ.ஐ-கிட்ட நீட்டுறோம். பத்து செகண்டில் பளபளன்னு ஒரு தாத்தா ரெடி. ஃபேமிலி குரூப்பில் ஹார்ட்டின் மழை.

வீட்டுல வயசான ஒருத்தர் மட்டும் போனைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு... ஆனா, இது அவுக மாதிரி இல்லையேப்பா"ன்னு சொல்வாங்க. கவனிச்சிருக்கீங்களா?

அவங்க சொல்றது சரிதான். சுவரில் இருந்த பிரின்ட்டே மங்கல். அதை கண்ணாடி ஃபிரேமோட சேர்த்து, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த மொபைல் போட்டோவில் முகத்துக்குக் கிடைக்கிற தகவல் ரொம்பக் குறைவு. மிச்சத்தை ஏ.ஐ தன் கையிலிருந்து போட்டு நிரப்புது. அது இதுவரை பார்த்த லட்சக்கணக்கான முகங்களின் சாயலை எடுத்து உங்க தாத்தா மேல பூசுது. மூக்கோரத்து மச்சம் காணாமல் போகலாம். பாம்படம் போட்டுக் காது வளர்த்த பாட்டியின் காதை, ஏதோ கோளாறுன்னு நினைச்சு அது 'சரி' பண்ணிடலாம். கிடைக்கிறது அழகான படம்தான். ஆனால், அதில் இருப்பவர் உங்க வீட்டு ஆள் இல்லை.

உண்மையான தகவல் எங்கேயாவது மிச்சம் இருக்கா? இருக்கலாம். அந்தப் படம் எடுத்த ஸ்டுடியோவின் பரணில், இல்லைன்னா உங்க வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், மஞ்சள் கவருக்குள்ள, உள்ளங்கை அளவுக்கு ஒரு நெகட்டிவ்வா. அதைக் கண்டுபிடிச்சவங்க அடுத்து கேட்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை. 'இதை ஸ்கேன் பண்ண வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கலாமா?'

பெரிய நெகட்டிவ்வில் அப்படி என்ன இருக்கு?

சோழபுரம் மாதிரி ஊரில் கல்யாணம், காதுகுத்துன்னா ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருந்து போட்டோகிராபர் வரணும். இல்லைன்னா குடும்பமே பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போகணும். அங்கே மூணு காலில் நிற்கிற மரப்பெட்டி கேமரா, அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கிட்டு நிற்கிற போட்டோகிராபர்... பழைய படங்களில் பார்த்திருப்பீங்க. தென்னிந்திய ஸ்டுடியோக்களில் ரொம்பப் பேர் பெற்ற அப்படியொரு கேமரா, கேரளாவின் ஆலப்புழையில் 1940களில் செய்யத் தொடங்கிய 'வாகீஸ்வரி'. மரமும் துருத்தியும் வெச்சுக் கையால் செய்த கேமரா அது.

அந்தக் கேமராக்களுக்குள் போனது நாம் பார்த்த சின்ன பிலிம் ரோல் இல்லை. கண்ணாடித் தகடு அல்லது தாள் பிலிம். நம்ம ஊர் ஸ்டுடியோக்காரங்க 'ஆஃப் பிளேட்'னு சொல்ற அளவு 4¾ × 6½ அங்குலம். பிற்காலத்து ரோல் பிலிம் கேமராவில் ஒரு படத்தின் அளவு 24 × 36 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆஃப் பிளேட்டின் பரப்பு அதைப்போல 23 மடங்கு. 4 × 5 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கிற இந்த வகையைத்தான் உலகம் முழுக்க 'லார்ஜ் ஃபார்மட்'னு சொல்றாங்க.

பரப்பு பெரிசா இருந்தா என்ன லாபம்? இருபது பேர் நிற்கிற ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கோங்க. ஆஃப் பிளேட் நெகட்டிவ்வில் ஒரு முகம் கால் அங்குலம் இருக்குன்னு வைங்க. அதை 2,400 டி.பி.ஐ-யில் ஸ்கேன் பண்ணினால் ஒரு முகத்துக்கு மட்டும் 600 பிக்ஸல் அகலம் கிடைக்கும். கடைசி வரிசையில் ஓரமா நிற்கிற, வேறெங்கேயுமே போட்டோ இல்லாத ஒரு சித்தப்பாவைத் தனியாப் பிரிச்சு, மாலை போடற அளவுக்குப் படமாக்க அது போதும். ஏ.ஐ எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். பிரின்ட்டில் வெள்ளையா வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பும், கறுப்பா அப்பிப்போன பட்டுப்புடவையின் கரையும் நெகட்டிவ்வில் பெரும்பாலும் பத்திரமா இருக்கும். அந்தக் காலத்து டச்சிங்காரர் முகப்பருவை மறைக்கப் பென்சிலால் தடவின கோடுகூடத் தெரியும். 'ஃபில்டர்' நம்ம தலைமுறை கண்டுபிடிப்பு இல்லை பாஸ்!

இப்போ ஏன் அவசரம்?

மூணு காரணம்.

முதல் காரணம், ஸ்டுடியோக்கள் கைமாறுது. டிஜிட்டல் வந்ததும் டார்க் ரூம் ஸ்டோர் ரூம் ஆச்சு. அடுத்த தலைமுறை வேற வேலைக்குப் போயாச்சு. கடையைக் காலி பண்ணும்போது முதலில் வெளியே போறது பரணில் இருக்கிற பெட்டிகள்தான். கண்ணாடியைக் கழுவி வேற வேலைக்கு எடுத்துக்கிட்டதும், பிலிமில் இருக்கிற வெள்ளிக்காக எடைக்கு வாங்கிட்டுப் போனதும் தமிழ்நாடு முழுக்க நடந்த கதை.

இரண்டாவது காரணம், வேதியியல். பழைய பாதுகாப்பு பிலிமின் அடித்தளம் அசிடேட். சூடும் ஈரமும் சேரும்போது அது சிதைந்து, வினிகர் வாடை வரும். பிலிம் சுருங்கும், நெளியும், மேலே இருக்கிற படலம் கிழங்கு வெடிச்ச மாதிரி வெடிக்கும். பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய்ப் புளிப்பு மூக்கில் ஏறினால், அந்தப் பெட்டிக்குத்தான் முதல் வரிசை. ஒரு பிலிமிலிருந்து வெளியேறும் அமிலம் பக்கத்து பிலிமையும் கெடுக்கும் என்பதால் அதைத் தனியாப் பிரிச்சு வைக்கணும். வெயில் காய்கிற மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண், பிலிமுக்கு மிக மோசமான இடம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. நெகட்டிவ்வில் பெயர் எழுதியிருக்காது. அதில் இருப்பவர் யார்னு தெரிஞ்சவங்க இப்போ எழுபது, எண்பது வயசில் இருக்காங்க. ஸ்கேனரை அடுத்த வருஷமும் வாங்கலாம். 'இது யாரு பாட்டி?'ன்னு கேட்கிறதை அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியாது.

இந்த அபாயத்தை முன்பே உணர்ந்து வேலை செய்தவங்க உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி தலைமையில் ஒரு குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்கள்' திட்டத்தின் நிதியுதவியோடு, 2010களில் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய் அங்கிருந்த படங்களையும் நெகட்டிவ்களையும் டிஜிட்டல் ஆக்கியது. சாதாரணக் குடும்பங்களின் ஸ்டுடியோ போட்டோக்களும் வரலாற்று ஆவணம்தான் என்று அந்த வேலை காட்டியது.

வடக்கே இன்னொரு கதை. சுதந்திரப் போராட்ட காலத்தைப் படமெடுத்த குல்வந்த் ராய் 1984-ல் இறந்தார். அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யாவிடம் வந்து சேர்ந்தன. இருபது வருஷத்துக்கு மேல் அவை திறக்கப்படாமலே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்கேன் செய்தபோதுதான் காந்தி, நேரு காலத்தின் பல காட்சிகள் வெளியே வந்தன. அந்தப் பெட்டிகள் இருபது வருஷம் தப்பிப் பிழைச்சது அதிர்ஷ்டம். நம்ம ஊர்ப் பரணில் இருக்கிற பெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு நம்பி உட்கார முடியாது.

சரி, ஸ்கேனர் மார்க்கெட் என்ன நிலைமையில் இருக்கு?

விநோதமான நிலைமை. ஒரு பக்கம் பிலிமுக்கு மறுவாழ்வு. 2024 ஜூனில் பென்டாக்ஸ் கம்பெனி 'பென்டாக்ஸ் 17' என்று புத்தம்புதிய பிலிம் கேமராவையே இறக்கியது. இன்னொரு பக்கம், பிலிமைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் நல்ல மெஷின்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. நிகான் தன் 'கூல்ஸ்கேன்' வரிசையை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. ஹாசல்பிளாட் தன் 'ஃப்ளெக்ஸ்டைட்' ஸ்கேனர்களை 2019-ல் நிறுத்தியது. பெரிய நெகட்டிவ்வுக்கு வீட்டு மேஜையில் வைக்கிற மாதிரி இருக்கிறதுன்னு எல்லாரும் சொல்ற ஒரே பெயர் எப்சன். அதிலும் பேசப்படுகிற வி800, வி850 மாடல்கள் 2014-ல் வந்தவை. பத்து வருஷத்துக்கு மேல் பழசான டிசைனுக்கு இன்னும் போட்டியே இல்லை.

அதனால்தான் விலையும் இறங்கலை. புது வி850 வாங்கணும்னா ஒரு பைக் வாங்கற காசை எடுத்து வைக்கணும். அதை ஒரு வீட்டுக்கு, ஒரு டிரங்குப் பெட்டிக்கு மட்டும் வாங்கினால், இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு அது துணி மூடி உட்கார்ந்திருக்கும். ஆக, வாங்கும் முன் எண்ணுங்க. உங்ககிட்ட இருக்கிறது இருபது நெகட்டிவ்வா, ஐந்நூறா?

வழிகள் மூன்று இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வழி 1: ஃப்ளாட்பெட் ஸ்கேனர்

ஜெராக்ஸ் கடையில் இருக்கிற மாதிரி கண்ணாடி மேல் வைத்து மூடுகிற வகை. ஆனால், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டு பிரின்டரோடு வருகிற சாதாரண ஸ்கேனர், தாள் மேல் வெளிச்சத்தை அடித்துத் திரும்பி வருவதைப் படிக்கும். நெகட்டிவ்வுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வரணும். அதற்கு மூடியிலேயே விளக்கு இருக்கிற மாடல் வேணும். '4,800 டி.பி.ஐ'ன்னு பெட்டியில் பெரிசா போட்டிருந்தாலும், மூடியில் விளக்கு இல்லாவிட்டால் உங்க நெகட்டிவ்வுக்கு அது உதவாது.

அடுத்து, அந்த விளக்கின் அகலம். எப்சன் வி600-இல் மூடி விளக்கு இருக்கு. ஆனால், அதன் அகலம் 2.7 அங்குலம்தான். ஆஃப் பிளேட்டை அதில் துண்டு துண்டாக ஸ்கேன் பண்ணி ஒட்டணும். ஒரு படத்துக்கு சரி, நூறு படத்துக்குப் பொறுமை போயிடும். வி700, வி750, வி800, வி850 ஆகியவற்றில் விளக்கு 8 × 10 அங்குலம் வரை விழும். ஆஃப் பிளேட், ஃபுல் பிளேட் எல்லாமே ஒரே தடவையில் அடங்கும்.

செகண்ட் ஹேண்டில் தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. 2006-ல் வந்த வி700, வி750-இல் பழைய வகை டியூப் விளக்கு. சூடாக நேரம் எடுக்கும், வயசானால் மங்கும். வி800, வி850-இல் எல்.இ.டி. காசு கொடுக்கும் முன், மூடி விளக்கு எரியுதா, கண்ணாடியின் உள்பக்கம் பனிமூட்டம் படிந்திருக்கா, உங்க கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் கிடைக்குதான்னு கண்ணெதிரே ஒரு நெகட்டிவ் வைத்துப் பார்த்து வாங்குங்க. கம்பெனி சாஃப்ட்வேர் கைவிட்டாலும் 'வியூஸ்கேன்', 'சில்வர்ஃபாஸ்ட்' போன்றவை பல பழைய ஸ்கேனர்களை இன்னும் ஓட்டுகின்றன.

பெட்டியில் போட்டிருக்கும் '6,400 டி.பி.ஐ'யை அப்படியே நம்பிப் பணம் கொடுக்காதீங்க. இந்த வகை மெஷினில் நிஜமாகப் பிரிந்து தெரியும் விவரம் அதில் பாதிக்கும் குறைவுதான். சின்ன பிலிமுக்கு அது பெரிய குறை. பெரிய நெகட்டிவ்வுக்கு ஒரு குறையே இல்லை. 4 × 5 நெகட்டிவ்வை 2,400 டி.பி.ஐ-யில் ஸ்கேன் பண்ணினாலே 11.5 கோடி பிக்ஸல், அதாவது 115 மெகாபிக்ஸல் வந்துவிடும்.

வழி 2: கேமராவும் ட்ரேசிங் பேடும்

உங்க வீட்டிலோ நண்பர்கிட்டயோ டி.எஸ்.எல்.ஆர் இருக்கா? அப்போ பாதி ஸ்கேனர் ஏற்கெனவே இருக்கு. படம் வரையறவங்க பயன்படுத்துகிற எல்.இ.டி ட்ரேசிங் பேடை வாங்கி, மேலே நெகட்டிவ்வை வைத்து, கேமராவை நேர் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பொருத்தி எடுப்பதுதான் முறை. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது.

24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு படம் 6,000 × 4,000 பிக்ஸல். 4 × 5 நெகட்டிவ் அதில் 5,000 × 4,000 இடத்தை நிரப்பும். கிட்டத்தட்ட 1,000 டி.பி.ஐ. இதை 16 அங்குலப் படமாக பிரின்ட் போட்டால்கூடத் தெளிவாக இருக்கும். ஃப்ளாட்பெட்டில் ஒரு நெகட்டிவ்வை வைத்து, தூசி தட்டி, ஸ்கேன் பண்ணி எடுக்க ஐந்து நிமிடம்னு வைத்தாலும் 500 நெகட்டிவ்வுக்கு 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேமராவில் செட்டிங் ஒருமுறை அமைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் செகண்டுகள்தான்.

சில நுணுக்கங்கள்: கேமரா துளி சாய்ந்தாலும் ஒரு ஓரம் ஃபோகஸ் போயிடும். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரில் சரியா நடுவில் விழுதான்னு பாருங்க. விழுந்தால் நேராக இருக்கு. விலை குறைந்த பேடில் கோடு கோடாக வந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைங்க. நெகட்டிவ்வைச் சுற்றி வெளியே தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைங்க. அறை விளக்கை அணைச்சிடுங்க.

மொபைல் போதுமா? யார் யார் படத்தில் இருக்காங்கன்னு பட்டியல் போட மொபைலே போதும். லேப்டாப் ஸ்கிரீனை வெள்ளையாக்கி அதை விளக்காகப் பயன்படுத்தலாம். ஆனால், நெகட்டிவ்வை நேரா ஸ்கிரீன் மேல் வைத்தால் ஸ்கிரீனின் புள்ளிகள் படத்தில் விழும். இடையில் ஒரு பால்நிற அக்ரிலிக் தகடு வைத்து, கொஞ்சம் உயரத்தில் நெகட்டிவ்வைப் பிடிக்கணும்.

உடைந்த கண்ணாடித் தகடா? அதற்கும் இந்த வழிதான் நல்லது. துண்டுகளைப் பேடின் மேல் பொருத்தி வைத்துத் தொடாமலே எடுத்துவிடலாம்.

வழி 3: வெளியில் கொடுத்து வாங்குவது

பக்கத்தில் சிவகாசி இருக்கு. காலண்டரும் டைரியும் அச்சிட்டு நாட்டுக்கே அனுப்பிய ஊர். ஆஃப்செட் அச்சின் பிலிம் காலத்தில் படங்களைப் பிலிமாக்கி, கலர் பிரித்துத் தகடுக்கு ஏற்றுவது தனி தொழில். கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தகடுக்குப் போகும் முறை வந்த பிறகு அந்த வேலை அச்சுத் தொழிலிலிருந்தே விலகிப்போச்சு. அந்தக் காலத்து டிரம் ஸ்கேனரின் தரம் இன்றைக்கும் பேசப்படும். ஆனால், அதில் பிலிமை ஒரு உருளையைச் சுற்றி ஒட்டணும். கண்ணாடித் தகட்டை வளைக்க முடியாது. நெளிந்த, வெடித்த பிலிமையும் அதில் ஏற்றக்கூடாது. ரொம்ப முக்கியமான, நல்ல நிலையில் இருக்கும் ஓரிரு பிலிம்களுக்கு மட்டும் யோசிக்கலாம். கூரியரில் கண்ணாடித் தகடுகளை அனுப்பும் எண்ணமே வேண்டாம்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

தனி வீட்டுக்கு, ஐம்பதுக்குள் நெகட்டிவ் இருந்தால் ஸ்கேனர் வேண்டாம். ட்ரேசிங் பேடும் கடன் வாங்கிய கேமராவும் போதும்.

ஆனால், ஒரு ஸ்டுடியோ பரண் முழுக்க இருக்கா? அல்லது உறவுக்காரங்க நாலு வீட்டிலும் பெட்டி இருக்கா? அப்போ ஒரு ஃப்ளாட்பெட்டைச் சேர்ந்து வாங்குங்க. சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் ஒரே வட்டாரம், ஒரே பஸ் ரூட், ஒரே கொள்வினை கொடுப்பினை. நாலு குடும்பம், ஒரு கல்லூரி போட்டோகிராபி கிளப், ஒரு நூலக வாசகர் வட்டம்... யாராவது ஒருத்தர் பொறுப்பில் ஒரு மெஷின் இருந்தால் முழு வட்டாரத்துக்கும் போதும். வேலை முடிந்ததும் நல்ல விலைக்கு விற்றுவிடவும் முடியும். மார்க்கெட்டில் புதுசு குறைவா இருக்கிறதுல நமக்குக் கிடைக்கிற ஒரே நன்மை இது.

அதைவிட முக்கியம், வரிசை. முதலில் ஸ்கேனர் வாங்கிவிட்டுப் பிறகு வேலையை ஆரம்பிக்கணும்னு காத்திருக்காதீங்க. இந்த வரிசையில் போங்க:

1. பெட்டியை எடைக்குப் போகாமல் நிறுத்துங்க. கவர், நம்பர், ஸ்டுடியோ ரெஜிஸ்டர் எதையும் பிரிக்காதீங்க. கவர் மேல் இருக்கிற பென்சில் நம்பர்தான் பெயரைக் கண்டுபிடிக்கும் சாவி.

2. எல்லாவற்றையும் மொபைலிலோ கேமராவிலோ வேகமாக ஒரு சுற்று எடுங்க. தரம் முக்கியமில்லை. நெகட்டிவ்வைப் பாசிட்டிவ் ஆக்கிப் பெரியவங்ககிட்ட காட்டி, பெயர், ஊர், உறவுமுறை, ஏறத்தாழ எந்த வருஷம்னு கேட்டு எழுதுங்க. வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணினால் இன்னும் நல்லது.

3. அதிலிருந்து முக்கியமானவற்றையும் கெட்டுக்கொண்டிருப்பவற்றையும் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் நல்ல ஸ்கேன்.

4. ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்வைத் திரும்பப் பத்திரமாக வையுங்க.

கை வைக்கும் முன்...

ஓரங்களை மட்டும் பிடிங்க. மெல்லிய ரப்பர் கையுறை நல்லது. துணிக் கையுறையில் கண்ணாடி வழுக்கும். தூசியைக் கையடக்க ஊதுபையால் ஊதுங்க, வாயால் ஊதினால் எச்சில் படும். தண்ணீர், ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் வேண்டாம். ஒட்டிக்கிட்ட இரண்டு நெகட்டிவ்களை இழுத்துப் பிரிக்காதீங்க. படம் கையோடு வந்துவிடும்.

கண்ணாடித் தகடுகளைப் படுக்க வைத்து அடுக்காதீங்க. பாரத்தில் அடியில் இருப்பது உடையும். நீளமான ஓரத்தில் நிற்க வைங்க. ஒவ்வொன்றுக்கும் நல்ல காகித உறை. இறுக்கமான பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அது நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி'ன்னு அச்சிட்டிருந்தால் அது அந்த வகை இல்லை. சந்தேகம் இருந்தால் சூட்டுக்கும் நெருப்புக்கும் தள்ளி வைங்க, கொளுத்திச் சோதிக்காதீங்க.

செட்டிங் கேட்கறவங்களுக்கு: கறுப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரே, 'டிஃப்' ஃபைல். ஆஃப் பிளேட்டுக்கு 1,200 டி.பி.ஐ வைத்தால் 44 மெகாபிக்ஸல், ஒரு ஃபைல் ஏறத்தாழ 90 எம்.பி. கூட்டமான குரூப் போட்டோவுக்கு மட்டும் 2,400. ஃபைல் 350 எம்.பி-யைத் தாண்டும். ஷார்ப்பன், ஆட்டோ கரெக்‌ஷன் எல்லாம் ஆஃப். தூசியைத் தானாக நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' வசதியையும் ஆஃப் பண்ணுங்க. கறுப்பு வெள்ளை பிலிமின் வெள்ளியையே அது தூசின்னு நினைச்சுக் குழப்பும். பளபளப்பு இல்லாத, மங்கலான பக்கம்தான் படலம் இருக்கும் பக்கம். படத்தில் கடைப்பலகை எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் திருப்பிக்கோங்க.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்க. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு க்ளவுட், அதில் ஒன்று வேற வீட்டில். இது அதிகம்னு தோணுதா? 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகமே சைபர் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் ஆன்லைன் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமைன்னா, நம்ம பென் டிரைவ் எம்மாத்திரம்? அதனால்தான் ஸ்கேன் ஆன பிறகும் நெகட்டிவ்வைத் தூக்கிப் போடக்கூடாது.

அந்த முகங்கள் யாருக்குச் சொந்தம்?

ஒரு ஸ்டுடியோ பெட்டி கிடைத்ததும் இளசுகளுக்கு வரும் முதல் ஆசை, 'இதுக்கு ஒரு இன்ஸ்டா பேஜ் ஆரம்பிக்கலாம்'. கொஞ்சம் பொறுங்க. நம்ம நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர்தான் முதல் உரிமையாளர். அதாவது, நெகட்டிவ் ஸ்டுடியோவின் பரணில் இருந்தாலும், அதில் உள்ள படத்தின் உரிமை காசு கொடுத்து எடுத்த குடும்பத்துக்குப் போகலாம்.

சட்டத்தைத் தாண்டி மரியாதைன்னு ஒன்று இருக்கு. இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று எடுத்த படங்கள் நம்ம ஊர்ப் பெட்டிகளில் இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் துக்கம், நமக்கு கன்டென்ட் இல்லை. அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து முதல் பிரதியை அவங்ககிட்ட கொடுங்க. 'போடலாமா?'ன்னு கேட்டுட்டு போடுங்க.

ஏ.ஐ-யே வேண்டாமா?

அப்படி இல்லை. கீறல் நீக்க, தூசி எடுக்க அது நல்ல உதவியாள். ஆனால், ஒரிஜினல் ஸ்கேனைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைங்க. ஏ.ஐ தொட்ட பிரதியின் ஃபைல் பெயரிலேயே 'ஏ.ஐ'ன்னு எழுதுங்க. இல்லைன்னா இருபது வருஷம் கழித்து, உங்க பிள்ளைகள் எது தாத்தா, எது கம்ப்யூட்டர் போட்ட தாத்தான்னு தெரியாமல் நிற்பாங்க. கலர் கொடுக்கும்போதும் அப்படித்தான். அந்தப் புடவை அரக்கா, பச்சையா என்பது ஏ.ஐ-க்குத் தெரியாது. அதைக் கட்டிக்கிட்டு நின்றவங்களுக்குத் தெரியும். அவங்க மகளுக்குத் தெரியலாம். கேளுங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் இறங்குவீங்கதானே? உங்க அப்பா - அம்மா கல்யாணத்தை, இல்லைன்னா தாத்தா - பாட்டி கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோ எதுன்னு வீட்டில் கேட்டுட்டுப் போங்க. பழைய பிரின்ட்டின் பின்பக்கம் திருப்பினால் ரப்பர் ஸ்டாம்ப்பில் பெயர் இருக்கும். கடை இன்னும் இருந்தால் உள்ளே போய், "அண்ணாச்சி, பழைய நெகட்டிவ் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கடையைக் காலி பண்ணும் யோசனையில் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு போன் பண்ணச் சொல்லி உங்க நம்பரைக் கொடுத்துட்டு வாங்க. ஸ்கேனர் எதுன்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.